ஒட்டுப் போடவா, மாற்றவா?

பழவேற்காடு முதல் திருத்தணி வரை, பழைய கார் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை எல்லாம் ஒன்றையே சுற்றி வந்திருக்கின்றன: துரு. அதனால் இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அதற்கே.

என் அப்பாவின் 1972 அம்பாசிடர் வீட்டில் நிற்கிறது. இரண்டு பக்கமும் ரன்னிங் போர்டு இற்றுவிட்டது. முன்சீட்டுக்குக் கீழே தரை பொத்தல். டிங்கர் "ஒட்டுப் போட்டுத் தருகிறேன்" என்கிறார். என் மகனோ "எல்லாத்தையும் வெட்டிட்டுப் புதுசா போடணும்பா" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
— மீஞ்சூர்

இரண்டு பேர் பேச்சையும் கேளுங்கள், காரின் வேறு வேறு இடங்களுக்கு.

காருக்குத் தோலும் உண்டு, எலும்பும் உண்டு. மட்கார்டு, பானட், டிக்கி மூடி, கதவின் வெளித்தகடு எல்லாம் தோல். ரன்னிங் போர்டு, தரை, தரைக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டம், பின் பட்டை ஸ்பிரிங் மாட்டுகிற இடம் எல்லாம் எலும்பு. அம்பாசிடருக்குத் தனியாக சேசிஸ் கிடையாது. அது 1950களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்த வண்டி. கூடுதான் அதற்கு சேசிஸ். முன்சக்கரத்தைத் தாங்கும் டார்ஷன் பாரின் பின்முனை தரைக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில்தான் பிடித்திருக்கிறது. அந்த இடம் இற்றிருந்தால் அதன்மேல் ஒரு தகரத்தை ஒட்டி மூடுவது, உளுத்துப்போன உத்தரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல. அங்கே உங்கள் மகன் சொல்வதுதான் சரி. வெட்டி எடுத்துவிட்டு, ஒரு நல்ல முனையிலிருந்து இன்னொரு நல்ல முனை வரை புதுத் தகடு போட வேண்டும்.

தோலில் டிங்கர் சொல்வது சரி. மட்கார்டின் கீழ்விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்கு இற்றிருக்கிறது என்பதற்காக முழு மட்கார்டையும் தூக்கி எறியாதீர்கள். அந்த வளைவு ஆலையின் அச்சில் விழுந்த வளைவு. அந்த அச்சு இனி உங்களுக்காக ஓடப்போவதில்லை.

எது எவ்வளவு இற்றிருக்கிறது என்று பார்க்க ஒரு ஸ்குரூடிரைவர் போதும். அதன் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். இற்ற தகடு தொப்பென்று அமுங்கும். அமுங்கிய இடத்தில் முனையால் குத்துங்கள். உள்ளே போனால் அது தகடு இல்லை, பெயின்ட். குத்திக்கொண்டே போய் முனை ஏறாமல் நிற்கிற இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளிக் கோடு போடுங்கள். வெட்டு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.

இன்னொன்று உங்கள் டிங்கரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு பக்க ரன்னிங் போர்டையும் ஒரே நாளில் வெட்டக்கூடாது. வண்டியை மட்டம் பார்த்து முட்டுக் கொடுத்து, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை வைத்து டாக் அடித்துவிட்டு, ஒரு பக்கம் முடிந்தபிறகுதான் மறுபக்கம். இதைச் செய்யாமல் வெட்டினால் கூடு நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எத்தனை முறை கீல் திருத்தினாலும் கதவைச் சாத்த முடியாது.

துரு மேலேயே பெயின்ட் அடித்தால் நிற்குமா?
— செவ்வாப்பேட்டை

பெயின்ட் துருவைப் பிடித்துக்கொள்ளும். துரு தகட்டைப் பிடித்துக்கொள்ளாது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். என் அண்ணன் சேலத்தில் இருக்கிறார். இருவரிடமும் ஒரே வயது ஃபியட். அவருடையது பளபளவென்று இருக்கிறது, என்னுடையது உதிர்கிறது. நான் தினமும் துடைக்கிறேன், அவர் துடைப்பதே இல்லை. இது என்ன நியாயம்?
— கும்மிடிப்பூண்டி

உங்கள் துணியில் குற்றமில்லை தம்பி, காற்றில் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் உட்கார்ந்துவிடும். உங்கள் பக்கம் பழவேற்காடு ஏரியும் வங்கக்கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. காற்றோடு வருகிற உப்பு, காய்ந்த வேளையிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துரு என்பது தகட்டின்மேல் ஓடும் ஒரு சிறிய மின்கலம். உப்பு அதன் ஓட்டத்தைச் சுலபமாக்குகிறது. இதோடு உலைப்புகையும் நிலக்கரிப் புகையும் சேர்ந்தால் கந்தக டை ஆக்சைடு அந்த ஈரத்தில் கரைந்து அமிலமாகிவிடும். சேலத்துக்குக் கடல் இல்லை.

இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கிறது. அதனால்தான் இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று அமரும் இடத்தில் துரு புகுந்தால், அது ஆப்பு அடித்தது போல இரண்டையும் பிளக்கிறது. வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் வண்டியை பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாசம்தான், ஆனால் இரவுப் பனி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். தார்ப்பாயை எடுத்துவிட்டு, காற்று புழங்கும் ஒரு கொட்டகை போடுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவி, உடனே ஒரு சுற்று ஓட்டிக் காயவிடுங்கள். மேலே துடைத்தது போதும்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை எங்கள் ஊரில்தானே இருந்தது? அப்படியானால் என் அம்பாசிடரும் திருவள்ளூரில் பிறந்ததுதானே?
— திருவள்ளூர்

இல்லை. அம்பாசிடர் பிறந்தது மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில். 2014 மே மாதம் அங்கேயே அதன் உற்பத்தியும் நின்றது. திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் உருவானது மிட்சுபிஷி லான்சர். உங்கள் ஊர் பெருமைப்பட வேண்டிய கார் அது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

என்னிடம் 1999 லான்சர் இருக்கிறது. பின்சக்கர வளைவில் துரு. "இதெல்லாம் கிளாசிக்கா, தள்ளிவிடு" என்கிறார்கள். பேனல் எங்கும் கிடைக்கவில்லை. என்ன செய்வது?
— காக்களூர்

1975இல் அம்பாசிடரைப் பார்த்தும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். கால் நூற்றாண்டு கடந்த வண்டி, உங்கள் மாவட்டத்தின் கைபட்ட வண்டி, அதன் உற்பத்தியும் முடிந்துபோயிற்று. இன்னும் 20 ஆண்டுகளில் இதைத் தேடி அலைவார்கள். அப்போது மிஞ்சியிருப்பது இன்று யாரோ தள்ளிவிடாமல் வைத்திருந்ததுதான்.

பின்சக்கர வளைவு வெளித்தகடும் உள்தகடும் மடித்துச் சேருமிடம். சக்கரம் வாரியடிக்கும் சேறு அந்த மடிப்பில் போய் உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. வெளியே மட்டும் வெட்டி ஒட்டினால் உள்தகடு தொடர்ந்து இற்றுக்கொண்டிருக்கும். இரண்டையும் பாருங்கள். உடைந்த லான்சர் ஒன்று எங்கேயாவது காயலான் கடைக்கு வந்திருந்தால், அதன் பின்பக்கத்தை வளைவோடு சேர்த்து வெட்டி வாங்கிவிடுங்கள். இந்த வண்டிக்கு அதுவே புதுப் பேனல்.

காயலான் கடைக்காரர் என் பத்மினிக்குக் கிலோ கணக்கில் விலை சொல்கிறார். கும்மிடிப்பூண்டி உலைக்குத்தான் போகுமாம். கொடுத்துவிடலாமா?
— கவரப்பேட்டை

கூட்டின் எலும்பு எல்லாப் பக்கமும் இற்றுவிட்டதா? இரண்டு ரன்னிங் போர்டு, தரை, ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாமே போய்விட்டதென்றால், ஆம், கொடுக்கலாம். உங்கள் பக்கத்து மின் உலைகள் பழைய இரும்பை உருக்கி வார்த்து, கட்டடத்துக்கான கம்பியாக இழுக்கின்றன. காராக இருந்தது ஒரு வீட்டின் தளத்துக்குள் போய் உட்காரும். இரும்புக்கு அது நல்ல முடிவுதான். அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையம் வழியாகவே கொடுங்கள். அதற்குரிய சான்றிதழை வாங்கி ஆர்.சி.யை முறைப்படி ரத்து செய்துவிடுங்கள். உங்கள் நம்பரில் வேறு யாரும் வண்டி ஓட்டக்கூடாது.

ஆனால் உலைக்குப் போகும் முன் ஒரு கைம்மாறு செய்துவிட்டுப் போகட்டும். நான்கு கதவு, பானட், டிக்கி மூடி, கண்ணாடிகள், கீல்கள், கதவுக்குள் இருக்கும் கண்ணாடி ஏற்றி, விளிம்புப் பட்டை எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். மும்பை குர்லாவில் செய்த அந்த வண்டியின் உற்பத்தி நின்று கால் நூற்றாண்டாகிறது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் சாலையை விட்டுப் போய்விட்டது. உங்கள் வண்டியின் ஒரு நல்ல கதவு வேறொரு பத்மினியை இன்னும் பல ஆண்டு ஓடவைக்கும். உலையில் உருகிவிட்டால் அது வெறும் சில கிலோ இரும்பு.

சென்னை புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாமா, டிங்கரைக் கையால் அடித்துத் தரச் சொல்லலாமா?
— பொன்னேரி

முதலில் புதுப்பேட்டை. போகும்போது பையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். மெல்லிய துணியைச் சுற்றி, கதவின் கீழ்ப்பாதி முழுக்க நகர்த்துங்கள். எங்கே பிடி தளர்கிறதோ அங்கே உள்ளே பட்டி இருக்கிறது. பிறகு கதவைத் தலைகீழாகத் திருப்பி அடிமடிப்பைப் பாருங்கள். கதவு இற்றுப்போவது எப்போதும் அங்கேதான் தொடங்கும். அடிமடிப்பு நன்றாக இருந்தால், நடுவில் நெளிவு இருந்தாலும் வாங்கிவிடுங்கள். நெளிவைச் சுத்தியும் டாலியும் (தகட்டுக்குப் பின்னால் கொடுக்கும் இரும்புக் கட்டை) வைத்து எடுத்துவிடலாம். இற்ற மடிப்பை எதுவும் எடுக்காது.

வாங்கிய கதவை பெயின்ட் அடித்துவிட்டு மாட்டிப் பார்க்காதீர்கள். மாட்டி, இடைவெளி நான்கு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பெயின்டுக்கு அனுப்புங்கள்.

பட்டி போட்டே ஒப்பேற்றிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். செலவும் கம்மி. நீங்கள் ஏன் பட்டி என்றாலே கோபப்படுகிறீர்கள்?
— ஊத்துக்கோட்டை

பட்டிமேல் கோபமில்லை. பட்டியைத் தகடாக்குகிறார்களே, அதன்மேல்தான் கோபம்.

எங்கள் வீட்டில் ஒரு ஃபியட் இருந்தது. பின்கதவின் அடியில் கொப்புளம் வந்தபோது ஒரு பட்டறையில் விட்டோம். இரண்டே நாளில் புதுசு போலத் தந்தார்கள். அப்பாவுக்கு அத்தனை சந்தோஷம், தெருவில் எல்லாருக்கும் காட்டினார். அடுத்த ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தபோது, கதவைச் சாத்திய ஒரு நாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால் முக்கால் அங்குலக் கனத்துக்குப் பட்டி, அதன் பின்னால் கம்பி வலை, வலைக்குப் பின்னால் பழைய செய்தித்தாள். தகடே இல்லை. அப்பா அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அன்று அரை அடி ஒட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு, பிறகு முழுக் கதவையே மாற்றினோம். அந்தப் பட்டி நல்ல தகட்டையும் சேர்த்துத் தின்றிருந்தது.

பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினும் கல்மாவும் கலந்தது. அது ஈரத்தை உறிஞ்சும். மேலே பெயின்டில் ஒரு மயிரிழை வெடிப்பு விட்டால் போதும், உள்ளே தண்ணீரை வாங்கித் தகட்டின்மேல் ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டு கிடக்கும். சுத்தமான தகட்டின்மேல், எபாக்ஸி பிரைமர் அடித்தபிறகு, மேடுபள்ளம் சமப்படுத்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் போடுங்கள், அது அதன் வேலை. ஓட்டையை மூடுவது அதன் வேலை இல்லை.

ஐயா, நான் புதிதாகப் பட்டறை போட்டிருக்கிறேன். எங்கள் ஆசான் கேஸ் வெல்டிங்கில்தான் ஒட்டுவார். இப்போது எல்லாரும் சி.ஓ.டூ. வெல்டிங் என்கிறார்கள். பழைய கார்த் தகட்டுக்கு எது சரி? தகடு எத்தனை கேஜ் வாங்குவது?
— கடம்பத்தூர்

கேட்டதற்கு நன்றி தம்பி. இந்தக் கேள்வியைக் கேட்கிற பட்டறையில்தான் கார் பிழைக்கும்.

பழைய கார்களின் தகடு பெரும்பாலும் 20 கேஜ், சுமார் 0.9 மில்லிமீட்டர். அசிட்டிலின் சுடரின் முனை 3,000 டிகிரிக்கும் மேல். அந்தச் சூடு ஒட்டுமிடத்தில் நிற்காமல் சுற்றிலும் பரவும். தகடு விரிந்து, ஆறும்போது சுருங்கி, அப்பளம் போல நெளியும். ஆனால் கேஸில் ஒட்டிய இணைப்பு மென்மையாக இருக்கும். சூடு ஆறுமுன் டாலியைப் பின்னால் கொடுத்துத் தட்டினால் நெளிவு இறங்கி, ஒட்டு தகட்டோடு தகடாகிவிடும். உங்கள் ஆசான் கையில் அந்த வித்தை இருக்கும். அவர் இருக்கும்போதே அதைக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு கிடைக்காது.

சி.ஓ.டூ.வில் சூடு குறைவு, வேகம் அதிகம். ஆனால் இணைப்பு கெட்டிப்பட்டுவிடும், தட்டினால் இறங்காது. அதனால் அதில் நீளமாகக் கோடு இழுக்கவே கூடாது. ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, மூன்றாவது நடுவில், கை வைத்தால் சுடாத அளவு ஆறியபிறகுதான் நான்காவது. இப்படிப் புள்ளிகளே சேர்ந்து கோடாக வேண்டும். என் தீர்ப்பு இது: எலும்புக்கு சி.ஓ.டூ., கண்ணுக்குத் தெரியும் தோலுக்கு, கை பழகியவர் என்றால் கேஸ்.

தகட்டின்மேல் தகடு ஏற்றி ஒட்டுவதைத் தோலில் தவிர்த்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஈரம் புகுந்து, உங்கள் ஒட்டே அடுத்த துருவுக்கு வீடாகும். விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒரு தகட்டுக் கன இடைவெளி விட்டு ஒட்டுங்கள். ஆலையில் ஸ்பாட் வெல்டிங் அடித்திருந்த இடத்தில் மேல்தகட்டில் மட்டும் 6 முதல் 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, அதன் வழியே கீழ்த்தகட்டோடு நிரப்பி ஒட்டுங்கள். அப்படி ஒன்றன்மேல் ஒன்று அமரும் இடங்களில் ஒட்டுமுன்பே துத்தநாக பிரைமர் பூசிவிடுங்கள். ஒட்டியபிறகு அங்கே தூரிகை போகாது.

வாங்க வேண்டியது சி.ஆர். (கோல்ட் ரோல்டு) ஷீட். தோலுக்கு 20 கேஜ், எலும்புக்கு 18 கேஜ். அதைவிடக் கனமாகப் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். கனத்த தகடு பக்கத்திலிருக்கும் மெல்லிய பழைய தகட்டை வெடிக்கவைக்கும்.

ஜி.ஐ. ஷீட் போட்டால் துருவே பிடிக்காதே?
— அதே கடம்பத்தூர் வாசகரின் பின்குறிப்பு

ஒட்டுமிடத்தில் பிடிக்கும். ஜி.ஐ. ஷீட்டின் பூச்சான துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எஃகு உருக 1,500 டிகிரி வேண்டும். அதனால் உங்களுக்குப் பாதுகாப்பு எங்கே தேவையோ அங்கேதான் பூச்சு இருக்காது. அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். வேண்டாம்.

கடையில் துருவின்மேல் தடவினால் கறுப்பாக மாறும் ஒரு திரவம் விற்கிறார்கள். இது ரசாயனமா, மாயமா? என் மாணவர்களுக்கு விளக்க வேண்டும்.
— ஆசிரியை, திருத்தணி

அம்மா, உங்கள் மாணவர்களின் கொள்ளுத்தாத்தாக்களுக்கு இந்த ரசாயனம் தெரியும். கடுக்காயை இடித்து ஊறவைத்து, அதில் அன்னபேதி போட்டால் கறுப்பு மை கிடைக்கும். கடுக்காயில் இருப்பது டானின். அன்னபேதி இரும்பு உப்பு. இரண்டும் சேர்ந்தால் கறுப்பான இரும்பு டானேட். கடையில் விற்கும் துரு மாற்றிகள் பலவற்றில் வேலை செய்வதும் இதே டானிக் அமிலம்தான். துருவிலுள்ள இரும்போடு சேர்ந்து அசையாத ஒரு கறுப்புப் படலமாக உட்கார்ந்துகொள்கிறது. வேறு சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். அது இரும்பு பாஸ்பேட் படலம் தரும். வகுப்பில் ஒரு துருப்பிடித்த ஆணியைக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள்.

கார்க்காரர்களுக்கு ஒரு சொல்: இது மேல்துருவுக்கு மட்டும். உதிர்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தபிறகுதான் தடவ வேண்டும். போன தகட்டை இது திருப்பித் தராது. மடிப்புக்குள்ளும் போகாது.

மொத்தக் கூட்டையும் சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் ஒரே நாளில் துரு போய்விடுமாமே?
— அம்பத்தூர்

சேசிஸ், சக்கரம், சஸ்பென்ஷன் கைகள், இவற்றுக்குச் செய்யுங்கள். மட்கார்டு, பானட், மேற்கூரை, இவற்றின் பக்கமே விடாதீர்கள். மணல் அடிக்கும் அடி தகட்டின் ஒரு பக்கத்தை மட்டும் விரியவைக்கும்; தட்டையான தகடு வயிறு தள்ளிவிடும், பிறகு யாராலும் அதை நேராக்க முடியாது. கோயில் சுவர்களைச் சுத்தம் செய்யப்போய் மணல் வீச்சில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கியதற்கு எழுந்த குரல்கள் உங்களுக்கு நினைவிருக்கும். கல்லுக்கே அந்த கதி.

கழற்றக்கூடிய சின்னப் பாகங்களுக்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரும் வாஷிங் சோடாவும், ஒரு பேட்டரி சார்ஜர், ஒரு பழைய இரும்புத் துண்டு. பாகத்தை சார்ஜரின் மைனஸில், இரும்புத் துண்டை பிளஸில் கட்டுங்கள். ஓர் இரவில் துரு கழன்றுவிடும், நல்ல இரும்பு கரையாது. திறந்தவெளியில் செய்யுங்கள், ஹைட்ரஜன் வரும். பிளஸில் எவர்சில்வர் கட்டவே கூடாது; நச்சான குரோமியம் தண்ணீரில் கலந்துவிடும்.

என்னிடம் நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு உள்ளது. லண்டனில் இருக்கும் மைத்துனர் "எல்லாப் பேனலும் இங்கே கிடைக்கும், அனுப்புகிறேன்" என்கிறார். நம்பலாமா?
— ஆவடி

பாதி நம்பலாம். பிரிட்டனில் இதன் மூல வண்டியான டிரையம்ப் ஹெரால்டுக்கு ஆர்வலர்கள் அதிகம், உதிரிகள் பலவும் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இங்கே செய்த வண்டி. பிரிட்டிஷ்காரர்கள் அதை இரண்டு கதவோடுதான் விற்றார்கள். உங்கள் பின்கதவை உலகத்தில் வேறு யாராலும் அனுப்ப முடியாது. அதை மட்டும் கண்போலக் காப்பாற்றுங்கள். அதற்கு ஒட்டுத்தான், மாற்று கிடையாது.

உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. அந்த வண்டிக்குத் தனி சேசிஸ் இருக்கிறது, கூட்டின் பகுதிகள் போல்ட்டால் பூட்டியவை. அம்பாசிடர்காரர் வெட்ட வேண்டிய இடத்தில் நீங்கள் கழற்றினால் போதும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் முதல்நாளே எண்ணெயில் ஊறவிடுங்கள். சேசிஸின் பக்கக் கைகளைக் கட்டாயம் குத்திப் பாருங்கள்.

50 வயதான காருக்கு விண்டேஜ் நம்பர் வாங்கலாம் என்கிறார்கள். பேனல் மாற்றினால் கிடைக்காதா?
— திருநின்றவூர்

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி வெளியிட்டது. 50 ஆண்டைக் கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்க்க, எரிபொருள் நிரப்ப என்று ஓட்டலாம். அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸிலும் கூட்டிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது விதி.

இற்ற ரன்னிங் போர்டுக்குப் பதில் அதே அளவில், அதே வடிவில் ஒன்று வைப்பது மூல வடிவத்தைக் காப்பது. கூரையை வெட்டித் திறந்த கார் ஆக்குவது மூல வடிவத்தை அழிப்பது. வேலைக்கு முன், வெட்டியபின், ஒட்டியபின் என்று ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். ஆய்வாளர் கேட்டால் வாயால் விளக்க வேண்டாம், படத்தைக் காட்டலாம். சேசிஸ் எண் குத்தியிருக்கும் தகட்டை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் வெட்டாதீர்கள், தேய்க்காதீர்கள், மாற்றாதீர்கள். அந்த இடம் இற்றிருந்தால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள், பிறகு பட்டறைக்கு.

தரை மாற்றி, கதவு மாற்றி, மட்கார்டு மாற்றி... கடைசியில் அது எங்கள் தாத்தாவின் கார்தானா?
— மீஞ்சூர்க்காரரின் மகன்

உங்கள் தந்தையின் கடிதத்தோடு உங்கள் கடிதமும் வந்தது, மகிழ்ச்சி.

நம் ஊரில் குடமுழுக்கு நடக்கிறது. மரம் மாறும், சுதை மாறும், வண்ணம் மாறும், உடைந்த கல்லுக்கு வேறு கல் வரும். கோயில் அதே கோயில்தான். ஆனால் நல்ல கல்லைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டினால் அதற்குப் பெயர் திருப்பணி இல்லை. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும் இதைத்தான் சொல்கிறது: இருப்பதைக் காப்பது முதல் வேலை, மாற்றுவது கடைசி வேலை, மாற்றியதைப் பதிவு செய்து வை. பிரிட்டனில் 1988 முதல் எம்.ஜி.பி. காருக்கு முழுக் கூட்டையே பழைய அச்சுகளில் புதிதாக அடித்து விற்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை என்று பலர் வருந்துகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. அது இல்லாததால்தான் நம் டிங்கர்களின் கையில் இன்னும் வித்தை இருக்கிறது.

தி.நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் 4777 எண் அம்பாசிடரைப் பார்க்கப் போகிறவர்கள் பளபளப்பைத் தேடிப் போவதில்லை. அவர் உட்கார்ந்த இடத்தைத் தேடிப் போகிறார்கள். உங்கள் தாத்தாவின் கை தேய்ந்த ஸ்டியரிங், அவர் முழங்கை வைத்த கதவின் மேல்விளிம்பு, இவற்றைத் தொடாதீர்கள். தரை அவர் காலடியில்தான் இருந்தது. அது உங்கள் பிள்ளைகளைத் தாங்க வேண்டும், மாற்றுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? டிங்கர் கூலி அநியாயமாக இருக்கிறதே?
— பெரியபாளையம்

தகட்டின் விலையைப் பார்த்தால் கூலி அதிகமாகத்தான் தெரியும். நாளைக் கணக்கிடுங்கள். ஒரு மட்கார்டு விளிம்பை அட்டையில் வரைந்து, வெட்டி, மணல்மூட்டைமேல் தட்டி வளைத்து, பத்துமுறை வைத்துப் பார்த்து, புள்ளி புள்ளியாக ஒட்டி, ராவி, மீண்டும் தட்டிச் சமமாக்க ஒரு கைதேர்ந்தவருக்கு முழு இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளின் கூலியைக் குறைக்கச் சொன்னால் அவர் பட்டியை எடுப்பார். அவரை அதற்குத் தள்ளியது நாம்தான்.

திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் கையால் தகடு வளைக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவும் தகட்டு வேலைப் பிரிவும் படிக்கிற இளைஞர்கள் இந்தப் பெரியவர்களிடம் ஒரு வருடம் நின்றால், நம் பழைய கார்களுக்கு உதிரி பாகம் இல்லை என்ற பேச்சே எழாது. கார் வைத்திருக்கும் நாம் கேட்ட கூலியைக் கொடுத்து, வேலை முடியும்வரை அவசரப்படுத்தாமல் இருந்தால், அந்த இளைஞர்கள் நிற்பார்கள்.

என்னால் இப்போது பெரிய செலவு செய்ய முடியாது. மழைக்கு முன் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்.
— எண்ணூர்

ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் ரன்னிங் போர்டின் அடியிலும் தண்ணீர் வடியச் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். ஆண்டுக்கணக்கான தூசியிலும் பெயின்டிலும் அவை அடைத்துக் கிடக்கும். கண்ணாடி ரப்பர் வழியே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. கார் உள்ளிருந்து இற்றுப்போவதன் பெரும் காரணம் இதுதான். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நின்ற தண்ணீர் வடிந்தபிறகும், பல வண்டிகளின் ரன்னிங் போர்டுக்குள் சேறு அப்படியே தங்கிவிட்டது.

ஒரு பழைய சைக்கிள் ஸ்போக் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் துளைகளையும் குத்தித் திறந்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி அது கீழே வடிகிறதா என்று பாருங்கள். நன்றாகக் காய்ந்தபிறகு அதே துளை வழியே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயை உள்ளே பீய்ச்சிவிடுங்கள். அரை நாள் வேலை. ஐப்பசி பிறக்கும் முன் செய்துவிடுங்கள்.